கொதித்த பிறகும் எரிக்கிறோமே, அந்தச் சூடு எங்கே போகிறது?

பிள்ளை, நீங்கள் கேட்டவை இரண்டு. தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும், அதற்குப் பிறகு எவ்வளவு எரித்தாலும் வெப்பநிலை ஏறாது என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். வீட்டிலோ உலை கொதித்த பிறகும் அம்மா விறகைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். அப்படியென்றால் அந்த விறகின் வெப்பம் எங்கே போகிறது என்பது முதல் கேள்வி. முல்லைத்தீவிலிருந்து ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டியில் மீன் எடுத்துவந்து விற்கும் அப்பா கேட்கச் சொன்னது மற்றது: பெட்டிக்குள் ஐஸ் உருகி நிற்கும் தண்ணீரை வடியவிடுவதா, அதுவும் குளிர்தானே என்று விட்டுவிடுவதா? இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே விஷயம்தான். ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் அங்கே போக வேண்டும்.

வெப்பம் கொடுப்பது வேறு, வெப்பநிலை ஏறுவது வேறு. பெரும்பாலான நேரங்களில் ஒன்றைச் செய்தால் மற்றது நடக்கும். அதனால்தான் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். பொருள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் வேளையில், அதாவது திண்மம் திரவமாகும்போதும் திரவம் வாயுவாகும்போதும், இந்தச் சோடி பிரிந்துவிடுகிறது. வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வெப்பமானியோ அசையாமல் நிற்கும். உள்ளே போன வெப்பம் தொலைந்துபோகவில்லை. வேறு வேலைக்குப் போயிருக்கிறது. அந்த வேலைக்குச் செலவாகும் வெப்பத்தைத்தான் பாடநூல் மறைவெப்பம் என்கிறது.

கணக்காகப் பார்ப்போம். 1 கிலோகிராம் தண்ணீரை 1 பாகை சூடாக்க ஏறத்தாழ 4200 யூல் வேண்டும் (யூல் என்பது சக்தியை அளக்கும் அலகு). எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை 30 பாகை என்று வைத்துக்கொண்டால், ஒரு லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 4200 × 70, அதாவது 294 கிலோயூல் போதும். அதே ஒரு லீற்றரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்க 2260 கிலோயூல் தேவை. ஏறத்தாழ எட்டு மடங்கு. ஒரே அளவாக எரியும் அடுப்பில் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கப் பத்து நிமிடம் எடுத்தால், அது முற்றாக வற்றுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே போகும். அவ்வளவு நேரமும் வெப்பமானி 100 இலேயே நிற்கும்.

ஆக, அம்மா தள்ளும் விறகின் வெப்பம் ஆவியோடு போகிறது. கொதிக்கும் பானையின் கீழே தீயைக் கூட்டினால் தண்ணீர் கூடுதலாகச் சூடாவதில்லை, கூடுதலாக ஆவியாகிறது. அவ்வளவுதான். பானைக்குள் கிடக்கும் அரிசிக்குத் தன்னைச் சுற்றி 100 பாகை இருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு. கீழே தீ கொழுந்துவிட்டு எரிகிறதா, தணல்தான் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. கொதி வந்ததும் ஒரு கொள்ளியை வெளியே இழுத்து, மூடியைப் போட்டு, கொதி அடங்காமல் பார்த்துக்கொண்டால் சோறு அதே நேரத்தில்தான் வேகும். விறகுதான் மிஞ்சும். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பொறுப்பு. நான் அதற்குள் வரமாட்டேன்.

மாரி காலத்தில் இந்தக் கணக்கு இன்னொரு விதத்தில் இடிக்கும். மழையில் நனைந்த விறகை அடுப்பில் வைத்தால், விறகுக்குள் இருக்கும் தண்ணீரும் முதலில் ஆவியாக வேண்டும். ஒவ்வொரு கிலோ ஈரத்துக்கும் இரண்டரை மெகாயூலுக்கு மேலே போய்விடும், அதுவும் விறகே தன் கையிலிருந்து கொடுக்கும் காசு. தீயும் தணிந்து புகைதான் கிளம்பும். பாலையோ வீரையோ எவ்வளவு நல்ல விறகாக இருந்தாலும், காயாமல் வைத்தால் பாதி வேலை அதைக் காயவைப்பதிலேயே முடிந்துவிடும். வைகாசி, ஆனி வெயிலில் விறகை அடுக்கிக் காயவிடும் பழக்கம் இந்த வேலையை வெயிலின் தலையில் கட்டிவிடுகிறது.

இந்த மறைவெப்பத்தை முதலில் தெளிவாக அளந்தவர் ஸ்கொட்லாந்தின் ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தவர். அவருடைய சோதனை எந்தப் பள்ளிக்கூடத்திலும் செய்யக்கூடிய அளவுக்கு எளிமையானது. ஒரேமாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகள், ஒன்றில் ஐஸ், மற்றதில் அதே திணிவு கொண்ட, உறைநிலைக்குச் சற்று மேலே இருந்த தண்ணீர். இரண்டையும் ஒரே மண்டபத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் அரை மணித்தியாலத்தில் ஏழு பரனைற்றுப் பாகை ஏறியது. ஐஸ் உருகி அதே வெப்பநிலைக்கு வர பத்தரை மணித்தியாலம் எடுத்தது. ஒரே அறை, ஒரே காற்று, இரண்டு குடுவைக்கும் வெப்பம் ஒரே வேகத்தில்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பத்து மணித்தியால வெப்பம் ஐசை உருக்குவதற்கே போய்விட்டது என்று அவர் சரியாகப் பிடித்தார்.

அதுவரைக்கும் உருகுநிலையை எட்டிய ஐசுக்குச் சொட்டு வெப்பம் கொடுத்தாலே அது மொத்தமாக உருகிவிடும் என்றுதான் பலர் எண்ணியிருந்தார்கள். அது உண்மையாக இருந்தால் குளிர்நாடுகளில் முதல் வெயில் பட்ட அன்றே பனி முழுவதும் ஒரேயடியாக உருகி வெள்ளம் வந்திருக்கும் என்று பிளாக் சுட்டிக்காட்டினார். இந்த ஒரு வாதமே எனக்குப் போதும், சோதனைகூடத் தேவையில்லை. அதே பல்கலைக்கழகத்தில் கருவி திருத்துநராக இருந்த ஜேம்ஸ் வாட், நீராவி இயந்திரத்தில் இவ்வளவு வெப்பம் ஏன் வீணாகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1765இல் அவருக்குத் தோன்றிய தனி ஒடுக்கிக்கும் (ஆவியைத் தனிப் பாத்திரத்தில் குளிர்வித்துத் தண்ணீராக்கும் அமைப்பு) இந்த ஆவியின் கணக்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

சரி, அந்த வெப்பம் உள்ளே என்னதான் செய்கிறது? வெப்பநிலை என்பது துணிக்கைகள் எவ்வளவு வேகமாக அசைகின்றன என்பதன் அளவு. திண்மத்தில் துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்தபடி ஒழுங்காக நின்று அதிர்கின்றன. வெப்பம் கொடுக்கக் கொடுக்க அதிர்வு கூடும், வெப்பநிலையும் ஏறும். ஒரு கட்டத்தில் வரும் சக்தி அதிர்வைக் கூட்டாமல் பிடிப்பைத் தளர்த்தப் போய்விடுகிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த சனத்தை நினைத்துப் பாருங்கள். நிரை நிரையாக இருப்பவர்களை எழுப்பி நெரிசலாக நடமாட விடுவது ஒரு வேலை. அந்த நெரிசலையே கலைத்து ஆளுக்கு ஆள் தொடர்பில்லாமல் நந்திக்கடல் வெளியெங்கும் பரவவிடுவது அதைவிடப் பல மடங்கு பெரிய வேலை. முதலாவது உருகுதல், இரண்டாவது ஆவியாதல். 1 கிலோ ஐசை உருக்க 334 கிலோயூலும் 1 கிலோ தண்ணீரை ஆவியாக்க 2260 கிலோயூலும் ஆவது இதனால்தான்.

ஆவியாகும்போது இன்னொரு செலவும் இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்ரிமீற்றர் இடத்தில் அடங்கும். அதே ஒரு கிராம் 100 பாகை நீராவியாக ஏறத்தாழ 1700 கன சென்ரிமீற்றர் இடத்தைப் பிடிக்கும். அத்தனை இடத்தையும் அது வளிமண்டலத்தைத் தள்ளித்தான் எடுக்கிறது. கொடுத்த வெப்பத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு அளவு இந்தத் தள்ளலுக்கே போய்விடும். கொதிக்கும் பானையின் மூடி ஆடுவது அதன் அடையாளம்.

இப்படித் தள்ள வேண்டியிருப்பதால்தான் கொதிநிலை அமுக்கத்தைப் பொறுத்து மாறுகிறது. வன்னி கடல் மட்டத்துக்கு மேலே பெரிதாக எழும்பாத நிலம், அதனால் எங்களுக்கு 100 பாகை என்பது சரியான எண். நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் குறைவு, அங்கே தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரம் எடுக்கும். பிரஷர் குக்கர் இதற்கு நேர்மாறு: ஆவியை அடைத்துவைத்து அமுக்கத்தைக் கூட்டி, தண்ணீரை 120 பாகை வரைக்கும் கொதிக்கவிடாமல் பிடித்துவைக்கிறது. உலையில் உப்புப் போட்டால் சூடு கூடும் என்பதும் சரிதான். ஆனால் லீற்றருக்குப் பத்துக் கிராம் உப்புப் போட்டால் கொதிநிலை ஏறுவது பாகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உப்பு ருசிக்குத்தான்.

கரைந்திருப்பது கொஞ்சமாக இல்லாமல் நிறையவாக இருந்தால் கதை வேறு. பனங்கட்டி காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பனையிலிருந்து இறக்கும் இனிப்பான கருப்பநீர் முதலில் 100 பாகைக்குச் சற்று மேலே கொதிக்கத் தொடங்கும். தண்ணீர் போகப் போகச் சீனியின் செறிவு கூடி, கொதித்துக்கொண்டே வெப்பநிலையும் ஏறும். பாகு பதத்துக்கு வரும்போது 115 பாகையைத் தாண்டியிருக்கும். கொதிக்கும்போது வெப்பநிலை மாறாது என்ற விதி தூய பொருளுக்கு மட்டும்தான் என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எங்கள் மண்ணில் இல்லை. பரீட்சையில் 'தூய' என்ற சொல்லை விட்டுவிட்டு விதியை எழுதுபவர்கள் அதிகம்.

பனங்கட்டி ஏன் மலிவாகக் கிடைக்காது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. கருப்பநீரில் சீனி நூற்றுக்குப் பன்னிரண்டு அளவு என்று வைத்தால், ஒரு கிலோ பனங்கட்டிக்கு ஏழு லீற்றருக்கு மேலே தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு மட்டும் 16 மெகாயூல் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறக்குறைய 15 மெகாயூல் உண்டு. ஆனால் மூன்று கல் அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். மீதி காற்றோடு போய்விடும். ஆக ஒரு கிலோ பனங்கட்டிக்குப் பின்னால் எட்டு முதல் பதினொரு கிலோ விறகு எரிந்திருக்கிறது.

இனி மறுபக்கம். தண்ணீரை ஆவியாக்கக் கொடுத்த வெப்பம் ஆவிக்குள் கடனாகக் கிடக்கிறது. ஆவி திரும்பத் தண்ணீராக ஒடுங்கும் இடத்தில் அவ்வளவையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். நீத்துப்பெட்டியில் புட்டு வேகுவது இந்தக் கடனால்தான். மா ஒரு துளித் தண்ணீருக்குள்ளும் அமிழவில்லை, இருந்தும் சில நிமிடத்தில் வெந்துவிடுகிறது. ஏனென்றால் குளிர்ந்த மாவில் பட்டு ஒடுங்கும் ஒவ்வொரு கிராம் ஆவியும் 2260 யூலை அங்கேயே இறக்கிவிடுகிறது. நெல் அவிக்கும்போதும் அதேதான். அண்டாவில் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கும், மேலே இருக்கும் நெல்லையெல்லாம் ஆவியே சூடாக்கும். மேல் நெல் சூடாகாதவரைக்கும் மேலே ஆவி வராது என்பதையும் கவனித்திருப்பீர்கள், போகும் வழியில் குளிர்ந்த நெல் அதை ஒடுக்கிக்கொண்டே இருக்கிறது. மேலே ஆவி பொங்கி வந்துவிட்டால் எல்லா அடுக்கும் சூடாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆவி சுடுவது கொதிதண்ணீர் சுடுவதைவிட மோசம் என்று சொல்வதும் இதனால்தான். 100 பாகைத் தண்ணீர் ஒரு கிராம் கையில் பட்டு உடல் வெப்பநிலைக்கு ஆறும்போது ஏறக்குறைய 265 யூலைக் கொடுக்கும். அதே வெப்பநிலையில் இருக்கும் ஆவி ஒரு கிராம் பட்டால் முதலில் ஒடுங்கி 2260, பிறகு ஆறி 265, ஆக 2500க்கு மேலே. கிட்டத்தட்டப் பத்து மடங்கு. கேத்தல் மூக்கில் வெள்ளையாகத் தெரிவது ஆவியல்ல, ஏற்கனவே ஒடுங்கிவிட்ட சிறு நீர்த்துளிகள். உண்மையான ஆவி மூக்குக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இடத்தில் இருக்கிறது. கையை வைக்கக் கூடாத இடமும் அதுதான்.

எல்லாத் திண்மங்களும் ஐஸ் போல ஒரே வெப்பநிலையில் நின்று உருகுவதில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் நப்தலீனை உருக்கி ஆறவிட்டு வரைபு கீறினால் 80 பாகையில் கோடு அழகாகக் கிடையாகப் படுத்துவிடும், ஏனென்றால் அது தூய பளிங்குருவான பொருள். தேங்காய் எண்ணெயை எடுங்கள். மார்கழி, தை விடியப்புறங்களில் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும். அது ஒரு பொருளல்ல, பல கொழுப்புகளின் கலவை. ஆகவே 24 பாகை என்று சொன்னாலும், அதைச் சுற்றி ஒரு பரப்பில்தான் மெல்ல மெல்ல இளகும். தார் இன்னும் மோசம். ஏ9 வீதியில் மத்தியான வெயிலுக்குத் தார் இளகுகிறது, ஆனால் உருகுநிலை என்று சொல்ல அதற்கு ஒன்றும் இல்லை. கற்பூரம் திரவமாகாமலே காற்றோடு போய்விடும். அதற்குப் பதங்கமாதல் என்று பெயர், அதற்கும் மறைவெப்பம் உண்டு. இதோடு விடுகிறேன், கேள்விக்குத் தேவையான அளவு இவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை விடமுடியாது. ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டியதில்லை. எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பில் இருக்கும் வேகமான துணிக்கைகள் சில பிய்த்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். வேகமானவை போய்விட்டால் மிஞ்சியவற்றின் சராசரி வேகம் குறையும், அதாவது தண்ணீர் குளிரும். 30 பாகையில் ஒரு கிராம் இப்படிப் போக 2430 யூல் எடுத்துக்கொள்ளும், கொதிநிலையில் எடுப்பதைவிடக் கொஞ்சம் கூடவே. மண்பானைத் தண்ணீர் இதனால்தான் குளிர்கிறது. பத்து லீற்றர் தண்ணீரை 32 பாகையிலிருந்து 26க்கு இறக்க 252 கிலோயூல் வெளியேற வேண்டும். 104 கிராம் தண்ணீர் பானையின் தோலில் கசிந்து காய்ந்தால் அந்த அளவு போய்விடும். அரைத் தம்ளர் தண்ணீர் கொடுத்துப் பத்து லீற்றரைக் குளிர்விக்கிறோம். வெளியிலிருந்து திரும்ப வரும் வெப்பத்தையும் ஈடுசெய்ய நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடக் காய வேண்டியிருக்கும்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் மாரியில் சப்பென்று இருப்பதும் ஒரே காரணத்தால். காற்று ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் போன துணிக்கைகளுக்கு ஈடாக அதே அளவு திரும்பி வந்துவிடும். 35 பாகை வெயிலில் சாரீரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் உண்மையில் இருக்கும் பங்கு, 40 வீதமாக இருந்தால் நனைந்த ஒரு பொருள் ஏறக்குறைய 25 பாகை வரைக்கும் இறங்க முடியும். அதற்குக் கீழே எந்தப் பானையாலும் கொண்டுபோக முடியாது. வியர்வையும் இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான். உடம்பில் காய்ந்த வியர்வைதான் குளிர்விக்கும், சொட்டி நிலத்தில் விழுந்தது குளிர்விக்காது. சித்திரையில் காற்றே இல்லாத நாட்களில் வயலில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தச் சத்தமில்லாத ஆவியாதல் எவ்வளவு பெரிய சக்தி என்று தெரிய ஆனையிறவு உப்பளத்துக்குப் போங்கள். கடல் நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். ஒரு கிலோ எடுக்க 28 லீற்றர் தண்ணீரைப் போக்க வேண்டும், அதற்கு 68 மெகாயூல். சமையல் எரிவாயுவில் கிலோவுக்கு 46 மெகாயூல் என்று எடுத்தால், 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றை ஒரு துளி வீணாக்காமல் எரித்தாலும் எட்டரைக் கிலோ உப்புத்தான் மிஞ்சும். அந்த விலையில் யார் கறிக்கு உப்புப் போடுவது! உப்பளப் பாத்திகள் அகலமாகவும் ஆழமில்லாமலும் இருப்பதற்குக் காரணம், தண்ணீரின் கொள்ளளவைவிட வெயிலும் காற்றும் படும் பரப்புத்தான் அங்கே முக்கியம். இன்னொன்று: நீர் செறிவாகச் செறிவாக ஆவியாதல் மந்தமாகும், உப்புத் துணிக்கைகள் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஆகவே ஒரு பாத்தியின் கடைசி நாட்கள் முதல் நாட்களைவிட இழுபடும்.

அதே வெயில் இரணைமடுவில் எங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. வரண்ட மாதங்களில் குளத்தின் மேற்பரப்பு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் இறங்குகிறது என்று வைத்தால், ஒரு ஹெக்டேயருக்கு 50,000 லீற்றர். யாரும் வான்கதவைத் திறக்கவில்லை, யாரும் வாய்க்காலுக்கு விடவில்லை, ஆனாலும் அவ்வளவு தண்ணீர் மேலே போய்விடுகிறது.

இனி அப்பாவின் பெட்டி. முதலில் ஐஸ் ஏன் என்பதைப் பார்த்துவிடுவோம், குளிர்ந்த தண்ணீர் போதாதா என்ற கேள்விக்கும் சேர்த்து. 30 பாகையில் பிடித்த பத்துக் கிலோ மீனை 0 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1080 கிலோயூலை வெளியே எடுக்க வேண்டும், மீனின் தன்வெப்பக் கொள்ளளவு தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோயூலை எடுத்துக்கொள்ளும், ஆக மூன்றேகால் கிலோ ஐஸ் போதும். வெறும் 0 பாகைத் தண்ணீரால் அதைச் செய்யவே முடியாது. மீன் குளிரக் குளிரத் தண்ணீர் சூடாகிக்கொண்டு வரும், இரண்டும் நடுவிலே எங்கேயோ சந்தித்து நின்றுவிடும். ஐசின் பெருமை அதன் குளிரில் இல்லை. வெப்பத்தை வாங்கிக்கொண்டும் 0 பாகையிலேயே நிற்பதில்தான் இருக்கிறது.

மூன்றேகால் கிலோ என்பது மீனைக் குளிர்விக்க மட்டும். முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சி வரைக்கும் வெயிலில் பெட்டிச் சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்கும், வழியில் வாங்குபவருக்காக மூடி திறப்பதற்கும் தனியாக வேண்டும். வெப்பநாடுகளில் மீனின் எடைக்குச் சமமான எடையில் ஐஸ் போடுவது பொதுவான அறிவுரை. ஐஸ் ஆலையிலிருந்து வரும் பெரிய கட்டியை அப்படியே வைத்தால் பத்து இடத்தில்தான் மீனைத் தொடும். உடைத்துத் தூளாக்கி, கீழே ஒரு அடுக்கு, மீன், மேலே ஒரு அடுக்கு என்று போட்டால் மீன் எல்லாப் பக்கமும் குளிரும். ஆனால் தூள் விரைவாக உருகும் என்று அப்பா சொல்லக்கூடும். ஆம், உருகும். மீனிலிருந்து வெப்பத்தை விரைவாக வாங்கியதால்தான் உருகியது. நாம் கேட்டதே அதைத்தானே.

உருகிய தண்ணீர் பற்றிய பதில் நேரத்தைப் பொறுத்தது. மீன் சூடாக இருக்கும் முதல் அரை மணித்தியாலத்தில், ஐஸ் இன்னும் மிதந்துகொண்டிருக்கும்வரை, அந்தத் தண்ணீர் நல்ல துணை. அது 0 பாகையில் இருக்கிறது, மீனின் மடிப்புக்குள்ளும் செவுளுக்குள்ளும் புகுந்து, இடையில் காற்று இல்லாமல் வெப்பத்தை எடுத்து ஐசிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். மீன் குளிர்ந்த பிறகு அதற்கு வேலை இல்லை. மறைவெப்பத்தை ஏற்கனவே கொடுத்துத் தீர்த்த தண்ணீர் அது. கிலோவுக்கு ஒரு பாகைக்கு 4.2 கிலோயூல்தான் இனி அதனால் வாங்க முடியும். இரத்தமும் குடல்நீரும் கலந்து மீனைச் சப்பென்று ஆக்குவதும், கிருமிகளை ஒரு மீனிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதும் அதுதான். ஆகவே புறப்படும்போது அடித்துளையை அடைத்து வைக்கலாம், மீன் குளிர்ந்த பிறகு திறந்து வடியவிட்டு, மேலே புதிதாகக் கொஞ்சம் ஐஸ் போடச் சொல்லுங்கள்.

மூடி விஷயத்தில் ஒரு கணக்கு அவரை ஆச்சரியப்படுத்தும். வெளிக்காற்றில் இருக்கும் ஈரம் ஐசில் பட்டு ஒடுங்கும்போது ஒவ்வொரு கிராமும் தன் மறைவெப்பத்தைக் கொடுத்து ஏழரைக் கிராம் ஐசை உருக்கிவிடும். பெட்டியை ஒருதரம் திறந்து மூடினால் உள்ளே வரும் ஈரம் ஒரு கிராம் அளவுதான், அது பெரிய நட்டமில்லை. திறந்த மூடியோடு காற்றில் ஓடினால்தான் ஆபத்து. ஈரக்காற்று வந்து வந்து ஒடுங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் மாரியில். ஈரச் சணல் சாக்கை ஐசுக்கு மேலே போடுவதையும் பார்த்திருக்கிறேன். அது பெட்டிக்குள் இருந்து பயனில்லை. பெட்டிக்கு வெளியே, மூடிக்கு மேலேயும் வெயில் படும் பக்கத்திலேயும் போர்த்தி, காயக் காய நனைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். சோளகம் வீசும் நாளில் அந்தச் சாக்கில் காயும் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் 2430 யூலை வெளியிலேயே மறித்துவிடும். மார்கழியில் அது காயவே காயாது, அப்போது சாக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு ஐசைக் கொஞ்சம் கூடப் போட வேண்டியதுதான்.